பெட்டிக்குள் ஒரு மேலாளர்

மின்விசிறியை இரண்டில் வைத்தால் உங்கள் தாள்கள் பறக்காது, மேடம். மூன்றில் வைத்தால் இந்த அறையில் எதுவும் நிற்காது. பதினோரு வருடமாக இந்த ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். மின்விசிறியும் என் பொறுப்பு மாதிரி ஆகிவிட்டது. யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. தலைமையகத்திலிருந்து விசாரிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் மேலாளர். ஆலையில் அவருக்குத் 'திருத்தம் சார்' என்று பெயர். கழிப்பறைக் கதவில் ஒட்டிய அறிவிப்பில்கூட ஒரு காற்புள்ளி சேர்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். நல்ல மனிதர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். வீட்டில் திருத்த ஆளில்லாமல் இங்கே திருத்தினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூக்குக் கண்ணாடிக்கான லென்ஸ் தேய்க்கிறோம். தேய்க்கும் இயந்திரத்தை ஓட்டுகிற மென்பொருள் பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். பழைய கணினிகளோ ஒவ்வொன்றாக மண்டையைப் போட்டன. அதனால் புதுக் கணினியில், புது சிஸ்டத்துக்குள்ளேயே பழைய சிஸ்டத்தையும் ஓடவிட்டேன். மெய்நிகர் கணினி என்பார்கள். ஒரே பெட்டிதான், திரையில் ஒரு ஜன்னலைத் திறந்தால் உள்ளே இன்னொரு கணினி முழுசாக உட்கார்ந்திருக்கும். தான் வேறொன்றின் வயிற்றுக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. தலைமையகம் அனுமதித்த ஏற்பாடுதான், கோப்பில் இருக்கிறது.

மேலாளர் தன் அறையிலிருந்தே அந்த ஜன்னலைத் திறந்து, தேய்ப்பு அளவுகளைத் திருத்த ஆரம்பித்தார். ஒருநாள் ஒரு தசமப் புள்ளியை ஓர் இடம் நகர்த்தினார். அந்த லென்ஸ்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயின. திரும்ப வாங்குவதற்குள், பிள்ளைகள் இரண்டு நாள் சமதரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். பழி தேய்ப்புப் பிரிவு அக்காவின் தலையில் விழுந்தது. அவர் வேலை போகாமல் காப்பாற்றுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அன்றைக்குத்தான் ஒரு நகல் எடுத்தேன். மெய்நிகர் கணினியில் அது அரைமணி நேர வேலை. அதே திரை, அதே எண்கள், அதே பச்சை விளக்கு. இயந்திரத்துக்குப் போகும் இணைப்பு மட்டும் கிடையாது. அதை மேலாளரின் மேஜைக் கணினியில் வைத்தேன். அவர் நாள் முழுக்கத் திருத்தினார். இயந்திரம் நாள் முழுக்க ஒழுங்காக ஓடியது.

இதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நிறுத்தத்தான் இருந்தேன். ஆனால் தேய்ப்புப் பிரிவில் நாற்காலிகளை எடுத்துவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது என்று உங்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினார். அக்காவுக்கு முட்டிவலி. அதனால் மேலாளருடைய மின்னஞ்சலையும் நகலுக்குள் கொண்டுபோனேன். அவர் எழுதுவது என்னிடம் வரும். நீங்கள் அவருக்கு எழுதுவதும் என்னிடம் வரும்.

பதில் வராமல் மனிதர் வாடிப்போனார். பார்க்கப் பொறுக்கவில்லை. தலைமையகத்தின் பெயரில் ஒரு வரி போட்டேன்: 'தங்கள் யோசனை பரிசீலனையில் உள்ளது.' மறுநாள் புதுச் சட்டையில் வந்தார். பிறகு இரண்டு வரி, பிறகு ஒரு பத்தி என்று வளர்ந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் அச்செடுத்து, இரண்டு டீயோடு என் அறைக்கு வந்து வாசித்துக் காட்டுவார். பிரிண்டர் மக்கர் செய்தால் ஒழிய என் அறைக்கு வேறு யாரும் வருவதில்லை. நல்ல குரல் அவருக்கு. என் வாக்கியங்கள் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

உங்கள் கடிதங்களுக்கு அவர் பெயரில் நான் பதில் எழுதினேன். 'மேலாளரின் நிதானம் பாராட்டுக்குரியது' என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதை அவரிடம் கொடுக்கவில்லை. என் கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் வறட்சியாக இருந்தது.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அந்த ஊருக்கு மாற்றல் கேட்டார். யோசித்தேன். அங்கே அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? நிஜ இயந்திரத்தில் கை வைத்துவிடுவார். 'தங்களை இழக்க இந்த ஆலையால் இயலாது' என்று மறுத்தேன். அன்றைக்கும் டீயோடுதான் வந்தார்.

“பாத்தீங்களா தம்பி, நான் இல்லன்னா இங்க ஒண்ணும் ஓடாதாம்,” என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

“குழந்தை எங்க ஓடிடப் போகுது சார். டீ ஆறுது, குடிங்க,” என்றேன்.

அடுத்த மாதம் நீங்களே அந்த ஊர்க் கிளையில் இடம் காலி, வருகிறீர்களா என்று அவரைக் கேட்டிருந்தீர்கள். 'இங்கேயே மனநிறைவோடு இருக்கிறேன்' என்று பதில் போட்டேன். மறுபடி கேட்டீர்கள், மறுபடி போட்டேன். மகளுக்கு அறுவைச் சிகிச்சை என்று அவர் ஒரு மாதம் விடுப்புக் கேட்டபோது நான்கு நாள் கொடுத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

தொலைபேசியில் எப்படி மாட்டவில்லை என்றீர்கள். எதுவானாலும் எழுத்தில் மட்டும் அனுப்பவும் என்று தலைமையகம் அவருக்கு உத்தரவிட்டிருந்தது. அதாவது நான். உங்களிடம் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று எழுதிவைத்திருந்தேன். அந்த மகள் ஒரு தாளை எடுத்து, அப்பாவை விட்டுவிடுங்கள் என்று கையால் எழுதி, தபால்தலை ஒட்டி உங்களுக்கு நேராக அனுப்புவாள் என்று மட்டும் நினைக்கவில்லை. கெட்டிக்காரப் பெண்.

ஆக, எல்லாம் நான் செய்ததுதான். ஒன்றரை வருடமாக அந்த மனிதர் எங்குமே இல்லாத ஓர் ஆலையை நிர்வகித்துக்கொண்டிருக்கிறார். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சுயநலம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

திங்கட்கிழமையே மாற்றல் உத்தரவு அனுப்பியும் அவர் ஏன் இன்னும் பெட்டி கட்டவில்லை என்று வந்ததிலிருந்து கேட்கிறீர்கள். உத்தரவு வந்தது, அவரிடம் கொடுத்தும் விட்டேன். கண் கலங்கி வாசிக்க முடியாமல் என்னிடமே நீட்டினார்; இந்த முறை நான்தான் வாசித்துக் காட்டினேன். உங்களுடையது இரண்டே வரி, மேடம். ஒரு மனிதரை அப்படியா வழியனுப்புவது? அதனால் மூன்று பத்தி ஆக்கியிருந்தேன். 'உடனடியாக' என்று ஒரு சொல் இருந்தது, வயதானவரைப் பதற வைக்கும். அதை எடுத்துவிட்டு, அடுத்த வருடக் கடைசி என்று போட்டிருக்கிறேன்.