பதினைந்து என்றெழுதிய பிள்ளைகளுக்காக நின்ற பொத்தான் டீச்சருக்கு

பொத்தான் தட்டேந்திய பெருமாட்டியே! கூட்டலின் தோளில் ஏற்றிப் பெருக்கலை எட்டிப் பிடிக்கச் செய்த பேராற்றலே! பிள்ளைகளுக்குப் பொத்தான் டீச்சராகவும், எங்களுக்கு அக்காவாகவும், அலுவலகக் கோப்புகளுக்குத் தீராத தலைவலியாகவும் முப்பத்து நான்கு ஆண்டுகள் இப்பள்ளியில் பவனி வந்த பெருந்தகையே! எங்கள் அன்பும் வணக்கமும் ஏற்றருள்க!

பணிநிறைவு மடலில் பொறுமை, இன்சொல், பணிவு ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எங்களுக்குச் சொல்லப்பட்டது. தங்கள் பொறுமைக்கு நாங்களே சாட்சி. இன்சொல்லுக்குப் பிள்ளைகள் சாட்சி. பணிவைத்தான் சல்லடை போட்டுத் தேடியும் காணோம். ஆகவே, அதற்கென ஒதுக்கிய இடத்தில் தாங்கள் பணியாமல் நின்ற ஒரு நாளை எழுதியிருக்கிறோம். பார்வைக்கு அனுப்பிய படியில் இந்தப் பகுதி முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அடித்த பகுதியைத்தான் இப்போது வாசிக்கிறோம்.

இரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு தங்களுடையது. தையற்கடைகளில் கேட்டு வாங்கிய பொத்தான்கள் ஒரு பெட்டி நிறைய, பிள்ளைக்கொரு பிளாஸ்டிக் தட்டு. முதலில் தட்டு வெறுமையாக இருக்க வேண்டும்; நோட்டில் பூச்சியம் எழுத வேண்டும். மூன்று பொத்தான் போட்டால் ஒரு கூட்டல் குறி, ஒரு மூன்று. இன்னும் மூன்று போட்டால் இன்னொரு குறி, இன்னொரு மூன்று. எத்தனை தடவை போட்டாய் என்று கேட்டால் பிள்ளை கூட்டல் குறிகளை விரலால் தொட்டு எண்ணும். நான்கு குறி, நான்கு மூன்று, பன்னிரண்டு. பெருக்கல் என்ற பெயரையே தாங்கள் அரையாண்டுக்குப் பிறகுதான் வாயைத் திறந்து சொல்வீர்கள்.

சுவருக்கு அப்பால் 'ஆ' பிரிவு. அதன் ஆசிரியர் ஐந்தாம் வாய்ப்பாடு வரை பிள்ளைகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்க வைப்பவர். கூரை அதிர ஒப்பிக்கும் குரல் தங்கள் அறைக்குள் வந்து விழும்போதெல்லாம் அவருக்கு மார்பு இரண்டு அங்குலம் விரியும். பொத்தானை வைத்துக்கொண்டு அக்கா காலத்தை ஓட்டுகிறார் என்று ஆசிரியர் அறையில் அவர் நக்கலடித்ததும், அதற்கு எங்களில் பலர் சிரித்ததும் உண்மை. அதை மறைத்துவிட்டுப் புகழ்பாட எங்களுக்கு நா எழவில்லை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். மூன்றை நான்கு முறை கூட்டச் சொன்ன வினாத்தாளில் முதல் மூன்று முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. மீதியைப் பிள்ளைகள் எழுத வேண்டும். தங்கள் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தொரு தாளிலும் விடை பதினைந்து. ஒருவர்கூடப் பன்னிரண்டு என்று எழுதவில்லை.

மதிய மணி அடிப்பதற்குள் ஆணை வந்துவிட்டது. அன்றைய தாளாளர் முப்பத்தொரு பேரையும் மெல்லக் கற்போர் என்று பதிந்து, மாடிப்படிக்கு அடியிலுள்ள அறைக்கு ஆண்டு முடியும்வரை மாற்றச் சொன்னார். அந்த அறைக்குப் போன பிள்ளையின் பெயரோடு 'மந்தம்' என்ற சொல் ஐந்தாம் வகுப்புவரை ஒட்டிக்கொண்டே போவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறோம்.

தாங்கள் சும்மா இருக்கவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு அதிகாரியும் தாளாளரும் அமர்ந்திருந்த அறைக்குள் அழைக்காமலே நுழைந்தீர்கள். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருப்பார்கள் என்றார் தாளாளர். தாங்கள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தியை அழைத்து எப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டீர்கள். அவள் தயங்கவேயில்லை.

"எப்பவும் தட்டு காலியா இருக்கும் டீச்சர். இதுல ஏற்கெனவே மூணு இருந்துச்சு. அதுக்கு மேல நாலு தடவை போட்டேன்."

நான்கு கூட்டல் குறி, ஐந்து மூன்று. தங்கள் வகுப்பைத் தவிர உலகில் வேறெந்த வகுப்பும் செய்ய முடியாத பிழை அது! தாங்கள் மழுப்பவில்லை. "தப்பு பிள்ளைங்களோடது இல்ல சார். போட்ட மூணை எண்ணச் சொல்லாம, பிளஸ்ஸை எண்ணச் சொல்லிக் குடுத்தது நான்" என்றீர்கள். யோசிக்கிற பிள்ளைகள்தான் முப்பத்தொரு பேரும் ஒரே மாதிரி தவறுவார்கள் என்றும், ஒரு பிள்ளை அந்த அறைக்குப் போனாலும் தாங்களும் கூடவே போய் உட்காருவதாகவும் சொன்னீர்கள்.

வாய்ப்பாடு சொல்லித் தந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்று சொல்லி, தாளாளர் 'ஆ' பிரிவின் கெட்டிக்காரச் சிறுவனை வரவழைத்தார். அவன் மூன்றாம் வாய்ப்பாட்டை வெளுத்து வாங்கினான். தாங்கள் பொத்தான் பெட்டியை அவன்முன் வைத்து, நான்கு மூன்றைக் காட்டச் சொன்னீர்கள். அவன் நான்கு பொத்தானை ஒருபுறமும் மூன்று பொத்தானை மறுபுறமும் அழகாக அடுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். வாசலில் நின்ற 'ஆ' பிரிவு ஆசிரியருக்கு முகம் செத்துப்போயிற்று.

அந்த நேரத்தில் தாங்கள் அவரை ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட அவர் நொறுங்கிப் போயிருப்பார். தாங்கள் பார்க்கவில்லை. அந்தச் சிறுவனின் உயரத்துக்குக் குனிந்தீர்கள். "நீ வெச்சது சரிதான் கண்ணு. நாலும் மூணும் ஏழுதான். கேள்வி வேறன்னு நாங்கதான் உனக்குக் காட்டல."

'நாங்க' என்றீர்களே, அக்கா! தங்களுக்கு யாதொரு பங்குமில்லாத குற்றத்தில் பாதியைத் தாங்களே எடுத்துக்கொண்டீர்கள். அந்தச் சொல்லைக் கேட்ட 'ஆ' பிரிவு ஆசிரியர் மறுவாரம் தங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். இம்மடலை எழுதியவர் அவரே. ஒலிவாங்கியின் முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே.

அதிகாரி ஆணையை நிறுத்தி வைத்தார். மறுநாள் முதல் தாங்கள் குறிகளை விட்டுவிட்டு மூன்றுகளை எண்ணக் கற்பித்தீர்கள். வார முடிவில் வேறொரு தாளில் முப்பத்தொருவரும் பன்னிரண்டு என்று எழுதினார்கள். ஆனாலும் அனுமதியின்றி நுழைந்து எதிர்த்துப் பேசியதற்காக ஒரு கண்டனக் குறிப்பாணை தங்கள் கோப்பில் ஏறியது. பின்னாளில் அதை நீக்கிவிடலாம் என்று தலைமையாசிரியர் சொன்னபோது, கிடக்கட்டும் என்று தாங்கள் மறுத்துவிட்டீர்கள். எங்கள் பள்ளி வழங்கிய பட்டங்களிலேயே பெருமைக்குரியது அந்தக் குறிப்பாணைதான் என்று இந்த மேடையிலிருந்து அறிவிக்கிறோம்.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்! தங்களிடம் ஒன்றை ஒளிக்க முடியாது. தாங்கள் நாளை முதல் பள்ளியில் இல்லை என்ற தைரியத்தில் நேற்று ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. வரும் பருவம் முதல் இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தல் மட்டுமே. ஒரு நிமிடத்தில் ஒப்பிக்காத பிள்ளைக்கு மாடிப்படி அறை. கற்பிக்கும் நாங்கள் பத்தொன்பது பேரும் 'ஏற்றுக்கொள்கிறோம்' என்று கையெழுத்திட்டு இன்று மாலைக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். அதை அனுப்பியவர்கள் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

தாங்கள் நோயின்றி, குறைவின்றி, அந்த வாய்த்துடுக்கும் மங்காமல் நெடுங்காலம் வாழ்க! அதட்டலுக்கு அஞ்சாத தங்கள் நெஞ்சுரம் எங்கள் ஒவ்வொருவர் வகுப்பறையிலும் வாழ்க!

இம்மடலின் அடியில் பத்தொன்பது கையெழுத்துகள் உள்ளன. முதலாவது 'ஆ' பிரிவு ஆசிரியருடையது. எங்களிடம் கேட்ட கையெழுத்துகளை இங்கே இட்டுவிட்டோம். சுற்றறிக்கைக்குக் கொடுக்க எங்களிடம் வேறு கையெழுத்து இல்லை.

இங்ஙனம்,
தங்கள் வழியில் நிற்கும்
ஆசிரியர்கள் பத்தொன்பதின்மர்