ஊத்துப்பாறையில் புகை வராத நாள்

அன்றைய விருந்தில் ரசம் நன்றாக அமைந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் ஐயா. மதுரையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார். சமையல்காரரை ராசிங்காபுரத்தில் பேசிக் கூட்டி வந்தது நான்தான். ஏழைகளிடம் பீஸ் வாங்காமல் வழக்கு நடத்தும் சட்ட உதவிச் சங்கத்துக்கு நான் செயலாளர். போடியில் அதை ஆரம்பித்ததும் நானே. எண்பத்துநாலு மாசியில் நடந்த அந்த விருந்து, என் ஜூனியர் தவசிக்கு விருது கொடுப்பதற்காக.

ஊத்துப்பாறை என்பது முந்தலுக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த சில புல்வேய்ந்த குடிசைகள். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் குடும்பங்கள் அங்கே இருந்தன. இடம் தங்களுடையது என்று எஸ்டேட்காரர்கள் அவர்களைக் கிளப்பப் பார்த்தார்கள். குடியிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கினோம். மனு எழுதியது நான். ஆனால் பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால், காலிக் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, இங்கே யாரும் குடியில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதற்குத் தவசி ஒரு வழி செய்தான். முறைவைத்து ஒருவர் வேலைக்குப் போகாமல் இருந்து அடுப்பை எரியவிட வேண்டும். புகை எஸ்டேட் பங்களாவுக்குத் தெரியும், மேலே ஆளிருக்கிறது என்று. எரிகிற அடுப்புக்கு மேலே கூரையில் கைவைக்க அந்தப் பக்கத்தில் எவனும் துணிய மாட்டான். குடும்பம் விளங்காது என்று பயம். இரண்டு வருஷமாக ஒரு குடிசையும் போகவில்லை.

எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. பத்து வருஷம் சட்டப் புத்தகங்களோடு மாரடித்தவன் நான். புகையைப் பற்றி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஆனால் நாங்கள் இருவரும் மேலே போனால் கடுங்காப்பி முதலில் தவசி கைக்குத்தான் போகும். "நம்ம தம்பிக்கு வெரசா கொண்டாங்கடி" என்பார்கள். எனக்கு ஆறிப்போனதுதான் வரும். விருதுச் செய்தி வந்த அன்று என் மனைவி சுருளியம்மாள் அவனுக்காகப் பாயசம் வைத்தாள். எனக்காக ஒரு நாளும் அவள் வைத்ததில்லை.

யாருக்கும் கெடுதல் செய்ய நான் நினைக்கவில்லை. அவன் செய்த ஏற்பாட்டில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்று நாலு பேர் பார்க்கட்டும், அவ்வளவுதான். ஊத்துப்பாறை முழுவதையும் விருந்துக்கு அழைத்தேன்.

"ஒரு ஆளாச்சும் மேல இருக்கணும்ண்ணே," என்றான் தவசி.

"அத நான் பாத்துக்கிறேன். நீ சட்டையத் தேச்சு வையி," என்றேன்.

இரண்டு நாள் கழித்து முந்தல் டீக்கடையில் எஸ்டேட் கங்காணி முனியசாமியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊத்துப்பாறையே போடிக்கு வருகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

ஞாயிறு காலை ஜீப்பு பல நடை போய் வந்தது. கடைசி நடையில் நானே மேலே போனேன். குருவம்மாள் மட்டும் கிளம்பவில்லை. அன்று அவளுடைய முறை. புருஷன் இல்லாதவள், நாற்பது வயதிருக்கும். காய்ச்சலோடு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் அடுப்பு நன்றாகப் புகைந்துகொண்டிருந்தது.

"நான் வரலய்யா, எந்திரிக்க முடியல. தவசித் தம்பிக்கு மாலை விழுகுறதப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல," என்றாள்.

அவளுக்கு இருமலும் இருந்தது. ஈரவிறகுப் புகை இருமலுக்கு ஆகாது. செம்பிலிருந்த தண்ணீரை அடுப்பில் ஊற்றினேன்.

"அய்யய்யோ, அணைச்சிட்டீகளே!"

"சும்மா படு ஆத்தா. இன்னைக்கு யாரு வரப்போறா?"

காய்ச்சல் மாத்திரை கொடுத்து, கம்பளியைத் தலைவரை இழுத்துவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள். சாத்தினேன். காற்றுக்குத் திறந்துகொள்ளும் கதவு அது. காட்டுப்பன்றியும் நடமாடும் இடம். அதனால் வெளியே சங்கிலியை மாட்டி, ஒரு குச்சியையும் செருகினேன்.

"குருவம்மா எப்படி இருக்கா?" என்று ஜீப்பில் கேட்டார்கள்.

"காய்ச்சலு. அடுப்புப் பக்கத்துல படுத்திருக்கா," என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

முந்தலில் சிகரெட் வாங்க இறங்கினேன். எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று முனியசாமி கேட்டான். "ஜீப்புல கால் வைக்க எடமில்ல, நீயே பாரு," என்றேன். அதிலும் பொய்யில்லை.

மலைக்காரர்கள் இருட்டுமுன் திரும்ப வேண்டும் என்று பந்தியைப் பிற்பகலிலேயே முடித்தோம். அதன் பிறகு விருது. மண்டப வாசலிலிருந்து பார்த்தால் மலை தெரியும். நீதிபதி தவசிக்குப் பொன்னாடை போர்த்தும்போது சரிவில் புகை எழுந்தது. மாசியில் காய்ந்த புல் பற்றிக்கொள்வது வழக்கம்; பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். தவசி மட்டும் பொன்னாடையோடு மேடையிலிருந்து குதித்து ஓடினான். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினேனாம், எனக்கு நினைவில்லை.

முனியசாமியின் ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். புகை இல்லை, கதவு வெளியே மாட்டியிருக்கிறது. ஆளில்லை என்று நம்பித்தான் தீ வைத்தார்கள். அவள் கத்தியது கேட்டபோது கிட்டப் போக முடியவில்லையாம். கதவு வெளியே மாட்டியிருந்தது என்று அவர்கள் சொன்னதை நீங்கள் யாரும் நம்பவில்லை. என்னை ஒருவரும் சந்தேகப்படவும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பியே இருந்திருக்கலாம்.

ஆனால் தவசி விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "எனக்கு மாலை போடத்தானே எல்லாரையும் எறக்குனாங்க, குருவம்மாளக் கொன்னது நான்தான்" என்று சொல்லித் திரிகிறான். ஊத்துப்பாறையிலேயே தங்கி, மண் சுமந்து வீடு கட்டிக் கொடுக்கிறான். "ஒம்மேல என்ன அப்பு தப்பு," என்று குருவம்மாளின் தங்கை வேலுத்தாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீதிபதி கண் கலங்கி, இப்படி ஒரு மனிதனைப் பார்த்ததில்லை என்றார். இந்த வருஷ விருந்திலும் அவனைத்தான் மேடையேற்றப் போகிறார்கள்.

அவன் என்ன செய்தான், சொல்லுங்கள்? எதுவுமே செய்யவில்லை. அடுப்பை அணைத்தது நான். சங்கிலியை மாட்டியது நான். உள்ளே அவள் இருக்கிறாள், அவர்கள் வருவார்கள் என்று தெரிந்துதான் மாட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. இதையாவது தவசி பெயரில் சேர்த்துவிடாதீர்கள்.