அஞ்சு நிமிஷம் அம்மா

அதத்தாங்க்கா நானும் சொல்றேன். முன் சீட்டுல பாருங்க, அந்தக் கொழந்த எழுந்து நிக்காம ஒக்காரணும்னு ஒரு சிப்ஸ் பாக்கெட்டு. ஒக்காந்துடுச்சு, இல்லேங்கல. திண்டிவனம் தாண்டறதுக்குள்ள மறுபடி எழுந்து நிக்கும் பாருங்க. அப்ப இன்னா குடுப்பாங்க? பஸ்ஸ எழுதி வைப்பாங்களா?

எல்லாம் பட்டவ சொல்றேன். எனக்கும் ரெண்டு இருக்குதே. பெரியவ மதுமதி, எட்டாவது படிக்கிறா. சின்னவன் பாலமுரளி, நாலாவது. ஊரு செஞ்சிதான். செஞ்சின்னா டவுனு இல்ல, சிங்கவரம், டவுன்லேர்ந்து கொஞ்சம் உள்ள போவணும். நீங்க திருவண்ணாமலையா? அப்ப நான் எறங்குனதுக்கு அப்புறமும் ஒரு மணி நேரம் ஒக்காரணும் நீங்க.

இல்ல, நான் வேல பாக்கறது மெட்ராஸ்ல. ஒரு வீட்டுல படுத்த படுக்கையா ஒரு அம்மா, அவங்களக் கவனிக்கிற வேல. குளிப்பாட்டணும், ஊட்டணும், ராவுல பெரட்டிப் படுக்க வைக்கணும். அங்கயேதான் தங்கல். மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு நாள் ஊருக்கு வுடுவாங்க. புள்ளைங்கள எங்க வீட்டுக்காரருதான் பாத்துக்கறாரு. வேற ஆளு இல்ல. குட்டியானை வண்டி ஓட்டறாரு. மார்க்கெட் கமிட்டிக்கு நெல்லு மூட்ட, மல்லாட்ட மூட்ட அடிப்பாரு. செஞ்சியில சம்பந்தம் வண்டின்னா எல்லாருக்கும் தெரியும்.

குடிக்க மாட்டாருக்கா. கை நீட்ட மாட்டாரு. அந்தக் கொறையெல்லாம் கெடையாது. அவரு கொற வேற. போன்ல வர்றதெல்லாம் வேதம்னு நம்பிக்குவாரு. எவனோ ஒருத்தன் கோட்டு போட்டுக்கினு பேசியிருக்கான், கொழந்தைங்கள அடிக்காதீங்க, திட்டாதீங்க, செய்யற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பரிசு குடுங்கன்னு. புடிச்சிக்கினாரு. அன்னியிலேர்ந்து எங்க வீட்டுல தொடப்பத்த எடுத்தா சாக்லேட்டு, வீட்டுப்பாடம் எழுதுனா ஆம்லேட்டு, பரிச்சையில நல்ல மார்க்கு வந்தா பஜார்லேர்ந்து பரோட்டா.

செஞ்சாங்க, செய்யாம இன்னா. அதுல சின்னவன் இருக்கானே, ஒரு டம்ளர் கழுவுவானாம், சாக்லேட்டுக்கு வந்து நிப்பானாம். திரும்பிப் போயி இன்னொரு டம்ளரு. கழுவ பாத்திரம் தீந்துட்டா, அலமாரியில இருக்கறத எடுத்துக் கொழம்பத் தடவிக் கழுவியிருக்கான். மதுமதி சொல்லிச் சொல்லி சிரிக்கிறா. நானும் சிரிச்சேன். அப்புறம் ஒருநாளு அவருக்கு ஜொரம். படுத்துக்கினே, முரளி, ஒரு வாயி தண்ணி எடுத்தாடான்னு கேட்டிருக்காரு. இன்னா குடுப்ப நைனான்னு கேட்டானாம் அவன். அத அவரு என்கிட்ட பெருமையா சொல்றாருக்கா, புள்ள வெவரமா இருக்கறான் பாருன்னு.

இருங்க, கண்டக்டர் வர்றாரு. செஞ்சி ஒண்ணுங்க. சில்லற இருக்குது.

எங்க வுட்டேன்? ஆங், சாக்லேட்டு. எத்தன நாளுக்கு இனிக்கும் அது? சலிச்சுப் போச்சு. பரோட்டாவும் சலிச்சுப் போச்சு. அப்புறம் செல்லுல கேமு. அது நல்லா வேல செஞ்சுது, ஆனா பையன் வகுப்புல தூங்கறான்னு டீச்சர் கூப்ட்டுத் திட்டிட்டாங்க. கேம நிறுத்திட்டாரு. வேலையும் நின்னு போச்சு. வாசல் குப்ப அப்படியே கெடக்குது, நோட்டு தெறக்கறதே இல்ல.

அந்த நேரம் பாத்துதான் நான் அந்தக் கதைய சொன்னேன். நான் பாத்துக்கற அம்மா இருக்காங்களே, மாத்திர முழுங்க மாட்டாங்க. வாயக் கெட்டியா மூடிக்குவாங்க. அவங்க மருமக இன்னா பண்ணும்னா, இத முழுங்குங்க அத்த, கனடாவுல இருக்கற உங்க புள்ளைக்கு போன் போட்டுத் தரேன்னும். ஒடனே வாயத் தெறப்பாங்க. கோழி தண்ணி குடிக்கிற மாதிரி தலையத் தூக்கி முழுங்கிட்டு, எங்க போனுன்னு கைய நீட்டுவாங்க. ராவுல அவருகிட்ட பேசும்போது சிரிப்புக்குத்தான் சொன்னேன். அவரும் சிரிச்சாரு. சிரிச்சிட்டு மனசுல வச்சிக்கினாரு.

அடுத்த நாளே எங்க வீட்டுல சட்டம் மாறிப்போச்சு. பாத்திரம் கழுவுனா அம்மாகிட்ட அஞ்சு நிமிஷம். வீட்டுப்பாடம் முடிச்சா பத்து நிமிஷம். வாய்ப்பாடு தப்பு இல்லாம ஒப்பிச்சா கால் மணி நேரம். வீடியோ கால்ல.

சிரிங்கக்கா, பரவால்ல. நானும் மொதல்ல சிரிச்சவதான். சொன்னா நம்ப மாட்டீங்க, பெருமையாக்கூட இருந்துது. பரோட்டாவுக்கு மசியாத புள்ள, என் மொகத்துக்கு மசியறானேன்னு. வீடு பளபளன்னு ஆயிடுச்சாம். மங்கை, பக்கத்து வீட்டுக்காரி, அவளே போன் பண்ணிக் கேக்கறா, உன் புள்ளைங்களுக்கு இன்னாடி மந்திரம் போட்டீங்கன்னு.

ஆனா அந்தாண்ட முனையில நான் இருக்கேன்னு ஒருத்தரும் நெனைக்கலியே. அந்த அம்மா எட்டு மணிக்குக் கண்ணசந்துடுவாங்க. பால்கனியில வாஷிங் மிஷினு பக்கத்துல போன வச்சிக்கினு நிப்பேன். ஒருநாளு அடிக்கும். ஒருநாளு அடிக்காது. அடிக்காத அன்னிக்கி எனக்கு எங்கெங்கயோ போவும் புத்தி. ஜொரமா, எங்கனா வுழுந்துட்டானா, என்மேல கோவமா. நானா போட்டா அவரு கட் பண்ணிடுவாரு. காலையில கேட்டா, ஏழாம் வாய்ப்பாடு வரல, அதான்னுவாரு. வாய்ப்பாடு வராதது அவனுக்கு. பட்டினி எனக்கு.

சண்ட போடாமலா இருப்பேன்? யோவ், நான் இன்னா மிட்டாயா, பெத்தவ இல்லியான்னு கேட்டேன். அதுக்கு அவரு சொல்றாரு, ஒரு தடவ எளக்கம் குடுத்தா அப்புறம் மதிக்க மாட்டாங்களாம், அந்தக் கோட்டுக்காரன் தெளிவா சொல்லியிருக்கானாம். கோட்டுக்காரனுக்குப் பொண்டாட்டி ஊர்லயே இருக்கா போலருக்குது.

அப்புறம் இன்னா பண்ண முடியும்? திருட்டுத்தனம்தான். மதுமதி, மங்கை போன்லேர்ந்து முரளியோட வீட்டுப்பாடக் கணக்க எனக்கு போட்டோ புடிச்சி அனுப்புவா. நான் அந்த வீட்டு மருமகளக் கேட்டுக் கேட்டு வெட சொல்லுவேன். அவன் எழுதிக் காட்டுவான். அவரு, பேஷ்டான்னு சொல்லிட்டு எனக்குப் போடுவாரு. ஏழாம் வாய்ப்பாடு இப்ப எனக்குத் தலைகீழா வரும்க்கா, அவனுக்கு வருதோ இல்லியோ. பெரியவ பாத்திரத்தையெல்லாம் அவளே கழுவிட்டு, அவ நிமிஷத்தையும் தம்பிக்குக் குடுத்துடுவா. நீ பேசலியா கண்ணுன்னா, அவன் பேசட்டும்மா, நான் அப்புறம் பேசறேங்குவா. அவளுக்கு அந்த அப்புறம் வந்ததே இல்ல.

பேசறதுன்னா இன்னா பேசறோம்னு நெனைக்கிறீங்க? மொளகாத்தூள் டப்பா மேல போன சாச்சி வச்சிருப்பாரு. பின்னால நின்னு மணி பாத்துக்கினு இருப்பாரு. புள்ள அவசர அவசரமா, சாப்டியா, சாப்டேன், நீ சாப்டியா, ஆடு குட்டி போட்டுச்சு, ரெண்டு, ஒண்ணு கருப்பு... டக்குனு கட்டாயிடும். ஒருநாளு, அம்மா, பல்லு வுழுந்துடுச்சு பாருன்னு வாயத் தெறந்தான். அவ்ளோதான், நேரம் முடிஞ்சி போச்சு. அதுக்கப்புறம் நான் ஊருக்கே போவல, எந்தப் பல்லுன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது.

நீங்க சொல்றது நெசந்தான், அவரும் கெட்ட எண்ணத்துல செய்யல. தனியா ஒரு ஆம்பள, விடியக்காலம் வண்டி எடுக்கணும், ரெண்டு புள்ளைங்களக் கெளப்பணும். எது வேல செய்யுதோ அதப் புடிச்சிக்கினாரு. அதுக்காவ எனக்கு எரியாம இருக்குமா? கூலி குடுக்கறதுக்கு வேற பொருளா இல்ல ஊர்ல?

தண்ணி குடிக்கிறீங்களா? ஆறிப்போன வெந்நிதான், பரவால்ல குடிங்க.

இல்லக்கா, புள்ளைங்களுக்கு ஒண்ணும் வாங்கல. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறும்போது பொம்மக் கடைகிட்ட ரொம்ப நேரம் நின்னேன். ஒரு காரு நல்லாருந்துது, சாவி குடுத்தா ஓடறது. கையில எடுத்துட்டு வச்சிட்டேன். குடுத்தா, இன்னாத்துக்குன்னு கேப்பான். இன்னாத்துக்குன்னு சொல்றது?

லீவா? லீவு இல்ல. வேலைய வுட்டுட்டேன். அவங்களுக்கு வருத்தந்தான். வேற ஆளு வர்ற வரைக்கும் இரு கலைவாணின்னாங்க, இருந்தேன். இன்னிக்கிக் காலையில ஒரு பொண்ணு வந்துடுச்சு, மாத்திர டப்பாவக் காட்டிக் குடுத்துட்டுக் கெளம்பிட்டேன். இனிமே ஊர்லயே மல்லாட்ட புடுங்கறேன், களை எடுக்கறேன். பத்தாதுதான். பாத்துக்கலாம்.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அந்த வீட்டுல எல்லாரும் நல்லவங்க.

போன வாரம் ஒருநாளு போன் அடிச்சுது. வழக்கமா அடிக்கிற நேரத்துக்கு முன்னாடியே. ஈரக் கையோட ஓடிப்போயி எடுத்தேன். புள்ள மொகம் வரல, ஃபேனும் டியூப் லைட்டுந்தான் தெரியுது. அவரு போனக் கையில படுக்க வச்சிக்கினு பேசறாரு போலருக்குது, நான் எடுத்தத கவனிக்கல. கொரல் கேக்குது. இன்னிக்கி எல்லாத்தையும் நீயாவே செஞ்சிட்டியேடா, தண்ணி புடிச்சிட்ட, வாசல் பெருக்கிட்ட, கணக்கு அத்தனையும் ரைட்டு, இந்தா, ஒனக்கு முழுசா கால் மணி நேரம், அம்மாகிட்ட பேசுன்னாரு. சந்தோஷமாத்தான் சொன்னாரு.

அவன் சொன்னான், எப்பப் பாரு இதயே குடுக்கற நைனா, எனக்கு இது வேணாம், கேம் குடுன்னு.

கோவமாவெல்லாம் சொல்லல. காலையில தட்டுல உப்புமாவப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி.

நான்தான் கட் பண்ணேன். திருப்பிப் போட்டாரு, எடுக்கல. மறுநாளு கேட்டதுக்கு டவர் இல்லன்னுட்டேன். எனக்குக் கேட்டுதுன்னு அவருக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. மதுமதிக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும், பக்கத்துல நின்னு போனப் பாத்திருப்பா. அப்புறமா மங்கை போன்லேர்ந்து கூப்ட்டா, சாப்டியாம்மான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிட்டா.

ஏங்க்கா, நீங்க ஏன் கண்ணத் தொடைக்கிறீங்க. வுடுங்க. கொழந்ததானே அவன், அவனுக்கு இன்னா தெரியும். நானே ஒண்ணும் அழல.

மல தெரியுது பாருங்க. செஞ்சி வந்துடுச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர மாட்டாங்க, நான் வர்றது யாருக்கும் தெரியாது. ஒரு ஆட்டோ புடிச்சிக்கினு போயிடுவேன். இந்த நேரத்துக்கு அவன் எழுதாத நோட்ட மடியில வச்சிக்கினு ஒக்காந்துருப்பான், பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்கும். கெடக்கட்டும். வீட்டுப்பாடம் முடிக்கலன்னு அவங்க நைனா என்னயத் திருப்பி அனுப்ப முடியாது இல்ல.

கால கொஞ்சம் ஒதுக்குங்கக்கா, எறங்கறேன்.