ஏனோக் ஓடிய கால்வாய்க்கரை

எங்கள் வீட்டில் மணி தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, சார்ஜென்ட் ஐயா. சமையலறையில் மட்டும் ஐந்து கடிகாரங்கள். மைல் ஓட்டத்தில் ஜெயித்தவருக்குப் பணம் தரக்கூடாது என்பது ஓட்டப்பந்தயச் சங்கத்து விதி. அதனால் கடிகாரமாகக் கொடுத்துவிடுவார்கள். என் கணவர் ஏனோக் ஹேஸ்லம் ஜெயித்துக்கொண்டே இருந்தார். நான் தூசி தட்டிக்கொண்டே இருந்தேன்.

நல்ல மனிதர். சாயப் பட்டறையில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு பிளாக்பூல் கடற்கரைக்குப் போனோம். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மணலில் ஓடப் போனார். டீ ஆறி ஆடை படிந்த பிறகு திரும்பி வந்து, "எதிர்காத்து, ஹெட்டி, இல்லேன்னா இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன்" என்றார். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பத்து வருஷம் அப்படிச் சிரித்தேன்.

மன்னர் முடிசூடிய வருஷம், போல்டன் மைதானத்தில், மீசைகூட முளைக்காத தபால் குமாஸ்தா ஒருவன் அவரை முந்திப் போனான். அதற்கப்புறம் யார் யாரோ முந்தினார்கள். தன் வேகத்தைக் கூட்ட முடியாமல் போனதும், அவர் என் வேகத்தைக் கூட்ட ஆரம்பித்தார். நான் உருளைக்கிழங்கு தோல் சீவும்போது ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நிற்பார். "நேத்தைவிட மோசம். தோளை இறுக்காத" என்பார். வாசற்படி தேய்த்தால், "ஆரம்பம் நல்லாத்தான் இருக்கு, கடைசிச் சுத்துல துவண்டுடுற" என்பார்.

என் அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறையில் அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்ததும் அவர் காதருகே குனிந்தார்.

"உங்க அக்கா உனக்கு முன்னாடியே முடிச்சுட்டா."

ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபமே வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஜனவரியில் மறுபடி பயிற்சி தொடங்கினார். கால்வாய்க் கரையில் அவர் ஓடுவார்; நான் சைக்கிளில் பின்னாலேயே போய் நேரம் பார்க்க வேண்டும். அன்று பாலத்தடியில் தரையெல்லாம் உறைபனி.

"பாத்துப் போங்க" என்றேன்.

"பேசாத, மூச்சு வீணாகுது" என்றார். என் மூச்சைச் சொன்னார்.

அடுத்த வளைவிலேயே வழுக்கித் தண்ணீருக்குள் போனார். அவ்வளவு ஓடியவருக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் எப்படியோ கரைக்கல்லைப் பிடித்துவிட்டார்.

"கையக் குடு, ஹெட்டி."

சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் போனேன். கீழே போட்டால் கைப்பிடி கோணிவிடும்.

"எவ்வளவு நேரந்தான் ஆக்குவ" என்றார்.

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தானாகத் தவறி விழுந்தார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான், நான் தள்ளவில்லை. அவர் விரல்கள் மேல் என் பூட்ஸ் காலை வைத்தேன். மிதிக்கவில்லை, ஐயா. நின்றேன், அவ்வளவுதான்.