வலது பிளேடின் வெளி விளிம்பு

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் நேராகக் கேட்கத் தெரியாது. உட்காருங்க என்கிறீர்கள், காபி வேணுமா என்கிறீர்கள், அப்புறம் என் மருமகளின் ஷூவை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறீர்கள். நீங்கள் மேனேஜர். 'நீதானே செய்தாய்' என்று கேட்டுவிட்டால் போச்சு.

சொல்கிறேன். இந்த ஐஸ் அரங்கில் ஸ்கேட்டிங் ஷூவின் அடியில் இருக்கும் இரும்பு பிளேடுக்குச் சாணை பிடிப்பவன் நான். என் மகன் செத்தபிறகு மருமகளை இங்கே டிக்கெட் கவுன்ட்டரில் சேர்த்துவிட்டதும் நான்தான். காலையில் சேர்ந்து வருவோம், சாயங்காலம் சேர்ந்து போவோம். சமையல் அவள், கதவைப் பூட்டுவது நான். ஒரு குறையும் இல்லை.

ஓய்வு நேரத்தில் ஐஸில் சும்மா சறுக்கிக்கொண்டு கிடந்தவளை, இங்கே ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கிற டீச்சரம்மாதான் கிளப்பிவிட்டாள். "அரைச் சுற்றுத் தாவல் ஒண்ணு கத்துக்கோ. பரீட்சையில சுத்தமா இறங்கிக் காட்டினா, வெளியூர்ல புதுசா திறக்கிற அரங்கத்துல பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. தங்க ரூமும் உண்டு."

இருப்பதிலேயே லேசான தாவல் அது. இடது காலில் முன்னே போய் எழும்பி, காற்றில் பாதி திரும்பி, வலது காலில் பின்பக்கமாக இறங்கவேண்டும். ஒவ்வொரு பிளேடுக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு விளிம்பு; இறங்கும்போது மொத்த உடம்பும் வலது பிளேடின் வெளி விளிம்பில் நிற்கும். அது மழுங்கியிருந்தால் ஐஸைப் பிடிக்காது.

நான் செய்தது அவ்வளவுதான். சாணைக்கு வரும்போதெல்லாம் அந்த ஒரு விளிம்பில் மட்டும் கூர் மழுங்கும்படி கல்லை லேசாக இழுத்துவிட்டேன்.

விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். டீச்சரம்மா இடது பிளேடில் மட்டும் கூர் இருக்கிறதா என்று நகத்தைத் தேய்த்துப் பார்ப்பாள். எழும்புகிற கால் சரியாக இருந்தால் மிச்சமெல்லாம் மனசுதான் என்பது அவள் கணக்கு. "பிளேடு என்னடி பண்ணும்? உனக்குப் பயம்" என்பாள்.

ஒருநாள் மருமகள் என் சாணை அறைக்கு வந்தாள்.

"மாமா, வலது கால்ல மட்டும் நழுவுது. பிளேடு சரியாத்தானே இருக்கு?"

"நான் பிடிச்ச சாணைம்மா."

"ஐயோ, உங்களைச் சொல்லல மாமா. என் காலைச் சொன்னேன். வலது கால் மட்டும் யார்கிட்டயோ கடன் வாங்கினது போல." சிரித்துக்கொண்டே போனாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால் பெட்டியைக் கட்டியிருப்பாள். நான் சுவரோடு பேசிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான்.

பரீட்சைக்கு முன்பு கல்லை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பயம் இல்லை என்று காட்ட வழக்கத்தைவிட உயரமாக எழும்பினாள். நல்ல தாவல், பொய் சொல்லக்கூடாது. இறங்கியபோது முழங்கால் உடைந்த சத்தம் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

இனி கம்பு ஊன்றித்தான் நடப்பாள் என்கிறார் டாக்டர். நான் குறை வைப்பதில்லை. வேலைக்கு வரும்போது தண்ணீர், மாத்திரை எல்லாம் கட்டில் பக்கத்தில் வைப்பேன். கம்பை மட்டும் எட்டாமல் வைப்பேன். தனியாக நடந்து எங்காவது விழுந்துவைத்தால் யார் பார்ப்பது? "உங்களுக்குப் பாரமாயிட்டேன் மாமா" என்று அழுகிறாள். அப்படிச் சொல்லாதே என்று தலையைத் தடவிவிடுகிறேன்.

டீச்சரம்மா இப்போதுதான் வலது பிளேடில் நகம் வைத்துப் பார்த்தாளாம். ரொம்ப சீக்கிரம். போலீஸைக் கூப்பிடுவதென்றால் கூப்பிடுங்கள். விழுந்தது அவள், தூக்கியது நான். இதில் தப்பு எங்கே என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வழியை விடுங்கள், நேரமாகிறது. அவளுக்கு இப்போது நான்தான் கால்.