உளுந்து வயலில் கேட்ட குரல்

என் பெயர் அருள்ஜோதி. தகப்பனார் சிலுவைமுத்து, காலமாகிவிட்டார். வயது நாற்பத்தாறு. யாங்கோன், தாமுவேயில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பர்மிய மொழி எனக்கு நன்றாக வரும். ஆனால் இந்த வழக்கில் நான் கேட்ட வார்த்தைகள் தமிழ் வார்த்தைகள் என்பதால் தமிழிலேயே சொல்லக் காவல் நிலைய அதிகாரி அனுமதித்தார். நான் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் மீரா முகைதீன் அவர்கள் எழுதுகிறார்.

நானும் அடுத்த வீட்டு ராதாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போவது வழக்கம். தாமுவேயில் நடைபாதை முழுக்கக் கடைகளும் உடைந்த பலகைகளும் என்பதால், பூசை முடிந்து நான் வந்ததும் இருவரும் பேருந்தில் பாலம் தாண்டித் தன்லியின் என்னும் ஊருக்குப் போய், அங்கிருந்து கனசோகோன் என்னும் கிராமத்தைச் சுற்றி வயல்வரப்பு வழியாக நடந்துவிட்டு, ஊர் முனைக் கடையில் மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டுத் திரும்புவோம். ஊர்க்காரர்களுக்கு எங்களைத் தெரியும். வேலை இல்லாமல் வெயிலில் நடக்கிற காலாக்கள், அதாவது இந்தியக்காரர்கள், என்று சிரிப்பார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

சம்பவம் நடந்தது பனிக்காலத்து ஞாயிறு ஒன்றில். நெல் அறுத்த வயல்களில் உளுந்து விதைத்து முளைத்திருந்தது. பனி முழுதாக விலகவில்லை. ஓடைப்பக்கத்து வரப்பில் நான் முன்னாலும் ராதா பின்னாலும் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் தமிழில் பேசுவது கேட்டது. அந்த ஊரில் தமிழர் யாரும் கிடையாது. குரல் சொன்னது இதுதான்: "வெளக்க அணைக்காதீங்க. நான் சத்தம் போடமாட்டேன்."

நாங்கள் நின்றோம். சுற்றிலும் வயல், ஆள் இல்லை. ராதா, "யாரும்மா அது?" என்று கூப்பிட்டாள். பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து அதே வார்த்தைகள், இழுப்பும் இறக்கமும் கொஞ்சமும் மாறாமல், மறுபடி வந்தன. அதன் பிறகு இருமல் சத்தம். அதன் பிறகு, அதே இடத்திலிருந்து, ஓர் ஆணின் குரல், "பேசாத" என்றது.

ராதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, திரும்பிடுவம்" என்றாள். யாரோ ஒரு பெண் ஆபத்தில் இருப்பதாக நினைத்து நான் குரல் வந்த பக்கம் போனேன். அவளும் வந்தாள்.

வரப்பு முடிகிற இடத்தில் டோ மியா தெய்ன் என்னும் அம்மாளின் வீடு இருக்கிறது. வாசல் மாமரத்தில் பிரம்புக் கூண்டு தொங்கியது. உள்ளே ஒரு மைனா, கறுப்பு உடம்பு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல். கூண்டுக்குக் கீழே சின்ன மேசை போட்டு, கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு குவளைப் பூவும் வைத்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் அந்த அம்மாள் சந்தோஷமாக எழுந்துவந்து, இந்தப் பறவை ஏதோ புத்த மடத்தில் வளர்ந்திருக்க வேண்டும், பாலி மொழியில் ஓதுகிறது, கேட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ளுங்கள் என்று பர்மியத்தில் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பாயில் அமர்ந்து கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மைனா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, பெண் குரலில், "ஜாஸ்லின் சாப்பிட்டாளா? அத மட்டும் சொல்லுங்க" என்றது. உடனே ஆண் குரலில், "பேசாத" என்றது.

அந்த ஆண் குரல் எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல்மாடியில் இருக்கும் டேவிட்டின் குரல் அது. வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மாடிப்படியில் தன் மகளிடம் அந்த ஒரு சொல்லை அதே மாதிரி, சத்தம் உயர்த்தாமல், சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மகளின் பெயர் ஜாஸ்லின். பள்ளியில் படிக்கிறாள். அவளுடைய தாய் ஏஞ்சலா, போன வருடம் மழைக்காலத்தில் வேறு ஒருவருடன் மலேசியா போய்விட்டதாக டேவிட் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். ராதா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏஞ்சலா அக்கா கொரல் அக்கா இது, சத்தியமா" என்றாள்.

அதன் பிறகு டோ மியா தெய்னிடம் பறவை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஓடைக்கு அக்கரையில் நகரத்து முதலாளி ஒருவர் வாங்கிப் போட்டிருக்கும் வாத்துப்பண்ணையின் காவல்காரர் ஊ ஓன் பே சில வாரங்களுக்கு முன் இலவசமாகக் கொடுத்ததாகச் சொன்னார். பறவை ஓதவில்லை, ஒரு பெண் கெஞ்சியதைச் சொல்கிறது என்று நான் வார்த்தை வார்த்தையாகப் பர்மியத்தில் சொன்னேன். அந்த அம்மாள் முதலில் நம்பவில்லை. பிறகு கூண்டைப் பார்த்தார். மேசையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இத்தனை நாளும் நாங்கள் கும்பிட்டோமே" என்றார். அவரே எங்களை ஊர்த் தலைவரிடம் அழைத்துப் போனார்.

ஊர்த் தலைவரும் ஊர்க்காரர் சிலரும் எங்களோடு மூங்கில் பாலம் வழியாக அக்கரைக்கு வந்தார்கள். குளத்தில் வாத்து ஒன்றும் இல்லை. குளத்துக்குப் பின்னால் செங்கல் கட்டடம், ஜன்னல்கள் இருந்த இடம் செங்கல்லால் அடைக்கப்பட்டிருந்தது. கதவின் கீழே தட்டு நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. மின்விளக்கின் சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்தது. உள்ளே இருப்பது முதலாளியின் சித்தம் கலங்கிய தங்கை, சாவி முதலாளியிடம் மட்டும்தான் என்று ஊ ஓன் பே சொன்னார். அவரும் பயந்துதான் இருந்தார். தலைவர் கடப்பாரை கொண்டுவரச் சொல்லிப் பூட்டை உடைத்தார்.

உள்ளே ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. கதவு திறந்த வெளிச்சம் சுவரில் விழுந்தும் திரும்பவில்லை. நான் பக்கத்தில் போய், "ஏஞ்சலா, நான் கீழ்வீட்டு அருள்ஜோதி" என்றேன். அப்போது திரும்பி என் வாயைத் தன் கையால் பொத்தினாள். கை குளிர்ந்திருந்தது. நான் பேச்சை நிறுத்திய பிறகும் வெகுநேரம் எடுக்கவில்லை. அப்படியே, ஒரு கை என் வாய்மேல் இருக்க, அவளை வெளியே நடத்தி வந்தோம்.

மூங்கில் பாலம் தாண்டி, கட்டடம் கண்ணுக்கு மறைந்த பிறகு, வரப்பில் நடக்கும்போது கையை எடுத்தாள். "அது இங்க இல்லையே அக்கா?" என்று கேட்டாள்.

"எது?"

"அந்தக் குருவி. தொணையா இருக்கட்டும்னு ஓன் பேதான் தட்டு வைக்கிற ஓட்டை வழியா உள்ள விட்டார். மொதல்ல நான் சொல்றத சொல்லிச்சு. அப்புறம் ஜாஸ்லின் அப்பா வராத நாளுலயும் அவர் கொரல்ல பேச ஆரம்பிச்சுது. இருட்டுல அவர் உள்ளதான் நிக்கிறார்னு நான் மூச்ச அடக்கிட்டு இருப்பன். கொண்டுபோயிடுங்கன்னு ஓட்டை வழியா கைய நீட்டி ஓன் பே காலப் புடிச்சன்."

அதனால்தான் ஊ ஓன் பே அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். அவள் அனுப்பிய பறவை ஊருக்குள் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தது என்று அவளிடம் சொன்னேன். நாங்கள் டோ மியா தெய்ன் வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் போய் மருத்துவமனைக்கு வண்டி பிடித்தோம்.

மறுநாள் டேவிட் ஆப்பிள் பையுடன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். "அவளுக்குப் புத்தி சரியில்ல அக்கா, ஊரு சிரிக்கக் கூடாதுன்னு மறைச்சு வச்சு வைத்தியம் பாத்தன்" என்றார். பிறகு புன்னகையோடு, "நீங்க கோர்ட்டுக்குக் கூட்டிப் போற சாட்சி ஒரு பறவைதானே?" என்று கேட்டார். நான் கதவைச் சாத்தினேன். பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை நான் தொடவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த ஏஞ்சலாவும், மாடியிலிருந்து தாயிடம் இறங்கி வந்துவிட்ட ஜாஸ்லினும் இப்போது என் வீட்டில் இருக்கிறார்கள். ஜாஸ்லினுக்குத் தமிழ் புரியும், பேச்சு பர்மியத்தில்தான். தாய் மகளின் கையைப் பிடித்தபடியே இருக்கிறாள், ஆனால் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மருத்துவர் கேட்டபோதும் பேசவில்லை. இந்தக் காவல் நிலையத்தின் அறையில் அதிகாரி கேட்டபோதும் பேசவில்லை. அதையே காட்டித் தன் மனைவி சித்தம் கலங்கியவள் என்று டேவிட் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன்.

அது உண்மை இல்லை. கூரைக்குக் கீழே அவள் பேசுவதில்லை, அவ்வளவுதான். சென்ற ஞாயிறு நானும் ராதாவும் அவளையும் ஜாஸ்லினையும் கூட்டிக்கொண்டு தன்லியினுக்குப் போய் வேறொரு பக்கமாக நடந்தோம். கடைசி வீடு பின்னால் மறைந்ததும் ஏஞ்சலா எங்களை முந்திக்கொண்டு நடந்தாள். நடந்துகொண்டே எல்லாம் சொன்னாள்: டேவிட் எப்படி அழைத்துப் போனார், என்ன காரணம் சொன்னார், யார் யாருக்குத் தெரியும் என்பது வரை, முன்பின் மாறாமல். ஜாஸ்லின் பக்கத்திலேயே ஓடி ஓடிக் கேட்டாள். வரப்பு முடிந்து முதல் தகரக் கூரை தெரிந்ததும் ஏஞ்சலா பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள்.

அவள் சொன்னதை அவள் வாயால்தான் கேட்க வேண்டும் என்பதால் நான் இங்கே திரும்பச் சொல்லவில்லை. ஆகையால் அதிகாரி ஒருவரும் மீரா முகைதீன் அவர்களும் வருகிற ஞாயிறு எங்களோடு வயலுக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் நிற்கமாட்டாள். நடந்துகொண்டேதான் எழுதவேண்டியிருக்கும்.

இதில் இருப்பது நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது.

ஒப்பம்: சி. அருள்ஜோதி
எழுதி வாசித்துக் காட்டியவர்: மீரா முகைதீன்