கை மட்டும் தெரியும் படம்

கருப்பட்டியைப் படம் பிடிப்பது லேசில்லை, மேடம். வெயிலில் வைத்தால் கரிக்கட்டி மாதிரி விழும், நிழலில் வைத்தால் மண்ணாங்கட்டி. ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்து எடுக்க வேண்டும். சுடலைச்செல்விக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

என் பெயர் எஸ்றா. சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில் கடை வைத்து இணையதளங்கள் செய்துகொடுக்கிறேன். ஜெபசுதா டீச்சருக்கும் நான்தான் செய்தேன். வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்களை டீச்சர் உடன்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள் ஒரு வீட்டில் தங்கவைத்திருந்தார். அவர்கள் பொதிந்து தரும் சுக்குக் கருப்பட்டி அந்தத் தளத்தில் விற்கும். டீச்சர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, படத்தில் முகம் வரக் கூடாது, கை மட்டும்தான்.

சுடலைச்செல்வி ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயல்காட்டுப் பெண். புருஷன் ராஜதுரை கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். இடது மணிக்கட்டில் அவன் வைத்த சூடு தழும்பாகிக் கிடக்கும். அவளைப் போலப் பயந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. ரோட்டில் பைக் சத்தம் கேட்டால் பொதிந்துகொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும், சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மூச்சு விடுவாள். என்னைக் கண்டு மட்டும் பயப்பட மாட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

"ஏளா, எங்கூட வந்துரு. நான் பாத்துக்கிடுதேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

முகம் வெளிறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அண்ணாச்சி, ஒங்களையும் பாத்துப் பயப்பட வச்சிராதிய" என்றாள்.

எனக்குக் கோபமில்லை. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் தளத்தில் ஒரு மாற்றம் செய்தேன். அதுவரை யார் படம் ஏற்றினாலும் எங்கள் சர்வருக்கு வரும். போன் படத்துக்குள் அதை எடுத்த இடமும் பதிவாகியிருக்கும் அல்லவா? சர்வரில் ஒரு நிரல் படத்தைச் சுருக்கி, இடத்தையும் துடைத்துவிட்டு, அப்புறம்தான் கிளவுடுக்கு அனுப்பும். சர்வர் நிறைந்து தளம் ஊர்ந்துகொண்டிருந்தது. படம் நேராகக் கிளவுடுக்கே போகும்படி ஆக்கினேன். இப்போது பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பக்கம் பட்டென்று திறப்பதைப் பார்த்து டீச்சருக்கு ஏக சந்தோஷம். நடுவில் இருந்த துடைப்பும் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

டீச்சரிடம்தான் அவள் போயிருப்பாள் என்று அவள் ஊரில் பேச்சு. தளத்தின் அடியில் என் கடைப் பெயர் இருக்கும். ராஜதுரை அதைப் பார்த்து வந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தான்.

"எங்கன இருக்கான்னு கேக்கல அண்ணாச்சி. உசுரோட இருக்காளா, அத மட்டும் சொல்லுங்க."

"நான் ஒண்ணும் சொல்ல முடியாது. கருப்பட்டி வேணும்னா சைட்டப் பாரும். மங்கலா தெரிஞ்சா படத்த டவுன்லோடு பண்ணிப் பாரும்."

எந்த வாடிக்கையாளருக்கும் சொல்வதுதான். அவன் போன பிறகு, கருப்பட்டி ஏந்திய ஒரு கையின் படத்தை முகப்புக்குக் கொண்டுவந்தேன். மணிக்கட்டுத் தழும்பு நன்றாகத் தெரியும் படம். நான் செய்த மாற்றத்துக்குப் பிறகு அதை எடுத்ததும் ஏற்றியதும் அவள்தான், நானில்லை. போனில் திறந்து விவரம் பார்த்தால் கீழேயே வரைபடம் வரும். அவன் லாரிக்காரன், வரைபடம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு எங்கள் கோயில் அசனம் வந்தது. ஊரே ஒன்றாகச் சமைத்து ஒரே பந்தியில் சாப்பிடும் நாள். புருஷனோடு வழக்கு முடிந்த பெண்களை டீச்சர் காய் நறுக்கக் கூட்டிவந்துவிடுவார். வெளியே தலைகாட்ட முடியாத சுடலைச்செல்வி மட்டும் வீட்டில் இருப்பாள். 'அசனத்துக்குப் போகிறோம், இன்று ஆர்டர் இல்லை' என்று தளத்தில் அறிவிப்புப் போட்டேன். வாடிக்கையாளர்கள் காத்திருக்கக் கூடாதே.

இலையில் சோறு விழும்போது என் போன் அடித்தது. குரலைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது.

"அண்ணாச்சி, பைக் ஒண்ணு வந்து நின்னுட்டு. கதவத் தட்டுதாவ. யாருன்னு கேட்டா பேச மாட்டேங்காவ. எனக்கு ஈரக்கொல நடுங்குது. டீச்சர் போன எடுக்கல. பின்வாசல் வழியா பனங்காட்டுக்குள்ள ஓடிறவா?"

அசனத்துக்கு வர முடியாதவர்களுக்குச் சோறு கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். டீச்சர் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து குழம்பு வாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுடலைச்செல்விக்கென்று அவர் கொண்டுவந்த தூக்குவாளி பக்கத்தில் காலியாக இருந்தது.

"ஓடாதளா, பயப்படாத. டீச்சர் அசனச் சோறு குடுத்து விட்டிருக்காவ. போய்த் தொற" என்றேன்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம்வரை கேட்டேன். அதன்பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், அரிவாளோடு அவனைப் பிடித்தது நீங்கள்தான். ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவள் இருந்த இடத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. டீச்சருக்குக் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினேன்.